பல்லுடைந்த ஏழையும் பாரிஸ்டர் காந்தியும்

மதரஸாவில் ஃபிக்ஹு பயிற்றுவிக்கும் நாம், ஆண்டுதோறும் ‘தியத்’ என்னும் ஈட்டுத்தொகைப் பாடத்தை நடத்துகின்றோம். ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம், ஒரு கைக்கு ஐம்பது, ஒரு பல்லுக்கு ஐந்து என்று கணக்குச் சொல்லி வருகையில் மாணவர் முகங்களில் புன்முறுவல் அரும்பும். ஒட்டகத்தையே காணாத ஊரில் இக்கணக்கு எதற்கு என்பது அதன் பொருள். ஒட்டகத்தை விட்டுவிட்டு உள்ளிருக்கும் நீதியைப் பாருங்கள் என்போம் நாம். செல்வனின் பல்லுக்கும் வறியவனின் பல்லுக்கும் அங்கே ஈடு ஒன்றே. முன்பல், கடைவாய்ப்பல் என்னும் வேறுபாடும் இல்லை. அடித்தவன் வேண்டுமென்றே அடித்திருப்பின், பழி கேட்பதா, ஈடு பெறுவதா, மன்னித்து விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை அடிபட்டவனுக்கே உரியது.

இப்பாடம் நடக்கும்போதெல்லாம் தென்னாப்பிரிக்காவில் பல்லுடைபட்ட தமிழ்த் தொழிலாளி ஒருவரின் வழக்கு நம் நினைவில் எழும். அவர் பெயர் பாலசுந்தரம். அவருக்காக முன்வந்த இளம் வழக்கறிஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. காந்தியடிகளைத் தேசத்தின் தந்தையாக அறிந்த நாம், அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் வழக்கறிஞராக வாழ்ந்தார் என்பதை மறந்துவிடுகின்றோம். அத்தொழில் வாழ்வைத் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி வைத்தவர்கள் முஸ்லிம் வணிகர்கள். அதன் போக்கைத் திருப்பியவர்கள் தமிழ்க் கூலிகள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

வணிகர் அழைத்த வழக்கறிஞர்

1891ஆம் ஆண்டு இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய காந்தியடிகளுக்குப் பம்பாயில் தொழில் கைகூடவில்லை. முதல் வழக்கிலேயே எழுந்து நின்றவர் நா எழாமல் அமர்ந்துவிட்டார். அந்நிலையில் அவரை அழைத்தது போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகரான தாதா அப்துல்லாவின் நிறுவனம். போகவரப் பயணச் செலவும் 105 பவுன் ஊதியமும் பேசி, 1893ஆம் ஆண்டு மே மாதம் அவர் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் வந்திறங்கினார்.

வழக்கு 40,000 பவுன் பற்றியது. எதிராளி பிரிட்டோரியாவில் வாழ்ந்த தையப் சேட். இருவரும் உறவினர், ஒரே ஊரினர். கணக்கேடுகளை இரவு பகலாகப் படித்த காந்தியடிகள், வழக்கு நீண்டால் இரு குடும்பங்களும் அழியும் என்று கண்டு, மத்தியஸ்தத்திற்கு இருவரையும் இணங்கச் செய்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாயிற்று. ஆனால் 37,000 பவுனையும் செலவுத் தொகையையும் ஒரே முறையில் கேட்டால் தையப் சேட் திவாலாகிவிடுவார். மானமுள்ள மேமன் வணிகருக்குத் திவால் என்பது மரணத்தினும் கொடிது. நீண்ட தவணையில் வாங்கிக்கொள்ளும்படி வென்றவரை இசையவைத்ததே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நம் நூல்களில் ‘ஸுல்ஹ்’ என்று சமரசத்திற்குத் தனி அத்தியாயமே உண்டு. அந்த அத்தியாயத்தை ஓதாமலே அதன்படி நடந்தவர் அவர்.

ஊர் திரும்ப இருந்தவரை 1894ஆம் ஆண்டு இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்க வந்த மசோதா நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ இருபது வணிகர்கள் ஓராண்டுக்குத் தம் வழக்கு வேலைகளை அவரிடம் ஒப்படைத்தனர். நேட்டால் வழக்கறிஞர் சங்கம் அவர் பதிவை எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் அவ்வெதிர்ப்பைத் தள்ளிற்று. உறுதிமொழி எடுத்து முடிந்ததும் தலைமை நீதிபதி, இனி நீதிமன்ற வழக்கப்படி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்றார். காந்தியடிகள் கழற்றினார். பெரிய போராட்டங்களுக்கு வலிமையைச் சேர்த்து வைக்க எண்ணியே அதற்கு உடன்பட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. குறைந்த அளவுச் சந்தா மாதம் ஐந்து ஷில்லிங். ஒப்பந்தக் கூலியின் முதலாண்டு ஊதியமோ மாதம் பத்து ஷில்லிங். தன் கூலியில் பாதியைச் சந்தாவாகக் கொடுத்து எந்தத் தொழிலாளி அச்சபையில் சேர்வான்? இந்தியர் பெயரால் எழுந்த சபையின் வாசலுக்கு வெளியிலேயே இந்தியரில் மிகப் பெரும்பாலோர் நின்றனர்.

கரும்புத் தோட்டத்துக் கூலிகள்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. அன்று முதல் 1911ஆம் ஆண்டு வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் தொகை ஒன்றரை இலட்சத்திற்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தினர். முஸ்லிம்களும் அவர்களிடையே இருந்தனர். டர்பன் நகரில் அடங்கியுள்ள பாதுஷா பீர் என்னும் ஷைகு அஹ்மது அவர்கள் அந்த முதற்கப்பலிலேயே கூலியாக வந்தவர் என்பது அங்கு வழங்கும் மரபு.

ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தம். அதற்கிடையே அனுமதியின்றி வேலையை விட்டு நீங்கினால், ஏனைய வேலைக்காரர்கள் மீது தொடுப்பதுபோல் சிவில் வழக்குத் தொடுப்பதில்லை. அது குற்றம், அதற்குத் தண்டனை சிறை. சட்டத்தின் ஏட்டில் அவன் அடிமையல்லன். ஆயினும் முதலாளியை விட்டு நீங்கும் உரிமை அவனுக்கில்லை.

அலுவலக வாசலில் ஒரு மனிதர்

காந்தியடிகள் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதங்களே ஆகியிருக்கும். கந்தல் உடுத்த ஒருவர், தலைத்துண்டைக் கையில் ஏந்தியபடி, நடுங்கி அழுதுகொண்டு அவர் அலுவலகத்தினுள் வந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் வழிந்தது. டர்பனில் பெயர்பெற்ற ஐரோப்பியர் ஒருவரிடம் வேலை செய்த பாலசுந்தரம் அவர். கோபங்கொண்ட எசமான் வரம்பு மீறி அடித்திருந்தார். அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவர் அவர் சொன்னதை மொழிபெயர்த்துக் கூறினார்.

தலைத்துண்டை அவர் கையில் ஏந்தியது ஏன்? வெள்ளையர் முன் செல்லும் கூலி தலையில் எதுவும் கட்டியிருக்கலாகாது என்பது அங்கே வழக்கம். தம் நாட்டவரான வக்கீலிடமும் அவ்வாறே நடக்கவேண்டும் என்று அவர் எண்ணிவிட்டார். நீதிமன்றத்தில் தம் தலைப்பாகையைக் கழற்றிய மனிதர், துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி பாலசுந்தரத்திடம் சொன்னார். அவர் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று காந்தியடிகள் எழுதியிருக்கின்றார்.

முதலில் வெள்ளைக்கார மருத்துவர் ஒருவரிடம் அனுப்பிக் காயத்திற்குச் சான்றிதழ் பெற்றார். பின்னர் நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று பிரமாண வாக்குமூலத்தை அளித்தார். அதைப் படித்துச் சினந்த மாஜிஸ்திரேட் எசமானுக்குச் சம்மன் அனுப்பினார். சட்டத்தைப் புரட்டியபோது பாலசுந்தரத்தை மீட்க இரு வழிகளே தெரிந்தன. குடியேறிய தொழிலாளர்களுக்கான பாதுகாவலர் என்னும் அதிகாரி ஒப்பந்தத்தை ரத்துச் செய்யவோ வேறொருவருக்கு மாற்றவோ வேண்டும். அன்றேல் எசமானே விடுவிக்க வேண்டும். எசமான் இசைந்தார். புதிய எசமானைத் தேடித் தந்தால் மாற்றுவதாகப் பாதுகாவலரும் கூறினார். இந்தியர் எவரும் ஒப்பந்தக் கூலியை வைத்துக்கொள்ள இயலாதாகையால், அவரும் வெள்ளையராகவே இருத்தல் வேண்டும். அறிமுகமான ஐரோப்பியர் ஒருவரைக் காந்தியடிகள் தேடிப் பிடித்தார். மாஜிஸ்திரேட் பழைய எசமானைக் குற்றவாளி எனத் தீர்த்து, ஒப்பந்தத்தை மாற்றித்தர அவர் உடன்பட்டதைப் பதிவு செய்தார்.

செய்தி தோட்டந்தோறும் பரவிற்று. அதன்பின் ஒப்பந்தக் கூலிகள் அலுவலகத்திற்குத் தொடர்ந்து வரலாயினர். 1896ஆம் ஆண்டு காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது மக்கள் காட்டிய ஆர்வத்திற்கு இந்தப் பாலசுந்தரத்தின் வழக்கே காரணம் என்று அவரே குறித்துள்ளார். அப்பயணத்தில், கப்பலிலேயே, ஒருபுறம் உருதுவும் ஒருபுறம் தமிழும் படிக்கத் தொடங்கினார். வந்த கட்சிக்காரர்களின் மொழிகள் அவை.

வழக்கு வென்றது, பல்லுக்கு என்ன ஈடு?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வழக்கு வென்றது உண்மை. ஆயினும் பாலசுந்தரம் பெற்றது யாது? ஓர் எசமானிடமிருந்து இன்னோர் எசமான். உடைந்த பற்களுக்கு ஈட்டுத்தொகை என்ற பேச்சே அவ்வரலாற்றில் இல்லை. எசமானைத் தண்டிக்கச் செய்வது தம் விருப்பமன்று என்று காந்தியடிகள் எழுதுகின்றார். அது பெருந்தன்மையே. ஆனால் நம் நூல்களின்படி மன்னிக்கும் உரிமை அடிபட்டவனுக்குரியது. அவன் வக்கீலுக்கு உரியதன்று. பாலசுந்தரத்தின் விருப்பம் யாது என்று அந்தச் சட்டமும் கேட்கவில்லை.

இது வக்கீலின் குறையன்று; சட்டத்தின் குறை. நம் ஃபிக்ஹு நூல்களைப் புகழும் நாம் ஒன்றை மறைத்தல் ஆகாது. அடிமை முறை நிலவிய காலத்தில் எழுந்த அந்நூல்களிலும், அடிமையின் உறுப்புக்கு ஈடு அவன் விலையைக் கொண்டே கணிக்கப்பட்டது. ஐந்து ஒட்டகக் கணக்கு சுதந்திரமானவனுக்கே. எங்கே மனிதன் உடைமையாக எண்ணப்படுகின்றானோ, அங்கே அவன் காயமும் உடைமைக்கு நேர்ந்த சேதமாகிவிடுகிறது. ஆதலின் பல்லுக்கு நீதி வேண்டுமானால், முதலில் அந்த மனிதன் எவருடைய உடைமையும் அல்லன் என்பது நிலைபெற வேண்டும். ஒரு வழக்கால் ஆகக்கூடியதன்று அது.

மூன்று பவுன் வரி

அதற்குள் நேட்டால் அரசு இன்னொரு சுமையை ஏற்றிற்று. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்குவோர் ஆண்டுக்கு 25 பவுன் கட்டவேண்டும் என்று முதலில் கேட்டது. இந்தியாவின் வைசிராய் எல்ஜின் பிரபு அதனை மூன்று பவுனாக்கி இசைவளித்தார். 1895ஆம் ஆண்டு அது சட்டமாயிற்று. பின்னர் வயதுவந்த மக்கள் மீதும் விழுந்தது. கணவன், மனைவி, இரு மக்கள் எனின் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன். கணவனின் வருவாயோ மாதம் 14 ஷில்லிங்கைத் தாண்டாது. ஆண்டு முழுவதற்கும் எட்டரைப் பவுன் கூடத் தேறாது. அவ்வரியைக் கட்ட இயலாதவன் மீண்டும் ஒப்பந்தத்தில் விழவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

1903இல் காந்தியடிகள் ஜோஹன்னஸ்பர்க்கில் அலுவலகம் அமைத்தார். நகராட்சி இந்தியர் குடியிருப்பைக் கையகப்படுத்தியபோது, ஈட்டுத்தொகைக்காக ஏறத்தாழ எழுபது வழக்குகளை நடத்தினார், தோற்றது ஒன்றே. அவ்வழக்குகளில் பெரும்பாலோர் முன்னாள் ஒப்பந்தக் கூலிகள். வழக்குக்குப் பத்துப் பவுனே வாங்கி, அதில் பாதியை ஏழைகளுக்கான பொதுப்பணிக்கு ஒதுக்கினார்.

ஆனால் சட்டமே அநீதியாகும்போது சட்டத்தைக் காட்டி வாதாடுவது எவ்வாறு? 1906 செப்டம்பர் 11ஆம் நாள், ஆசியர் பதிவுச் சட்டத்திற்குப் பணிவதில்லை என்று ஜோஹன்னஸ்பர்க்கில் கூடியோர் உறுதி பூண்டனர். இறைவனைச் சாட்சியாக்கி உறுதி ஏற்போம் என்று அக்கூட்டத்தில் சொன்னவர் சேட் ஹாஜி ஹபீப். 1908 ஜனவரியில் காந்தியடிகள், தாம் பலமுறை வழக்கறிஞராக நின்ற அதே நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்று இரண்டு மாதச் சிறை பெற்றார். வணிகர் அஹ்மது முஹம்மது கச்சாலியா, போராட்டத்தை விடாததால் கடன் கொடுத்த வெள்ளையர் நெருக்க, தம் வணிகத்தையே இழந்தார். ஆயினும் கடன் முழுவதும் தீர்ந்தது. சிறிது சிறிதாகக் காந்தியடிகள் வக்கீல் தொழிலையும் விட்டார்.

1913ஆம் ஆண்டு மார்ச்சில், கிறிஸ்தவ முறையில் நடவாத திருமணம் செல்லாது என்று கேப் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அது ஒரு முஸ்லிம் பெண் நாட்டிற்குள் வர இசைவு கேட்ட வழக்கு. அவ்வாண்டு அக்டோபரில் திருமணக் குறையும் மூன்று பவுன் வரியும் ஒரே போராட்டமாயின. நேட்டால் காங்கிரஸின் நிர்வாகிகள் சிலர் இதனை எதிர்த்துப் பிரிந்தனர் என்பதையும் வருத்தத்துடன் எழுதவேண்டியிருக்கிறது. அதே வேளையில் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளர்களிடம் பேசினர். சுரங்கங்கள் ஓய்ந்தன. நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியடிகளுடன் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எந்தச் சட்டத்திற்கு அஞ்சிப் பாலசுந்தரம் நடுங்கினாரோ, அச்சட்டத்தை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து மீறினர்.

காந்தியடிகளுக்கு டண்டியில் ஒன்பது மாதச் சிறை விதித்தனர். தொழிலாளர்கள் சவுக்கடி பட்டனர். சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். டிசம்பரில் விடுதலையான காந்தியடிகள் டர்பன் கூட்டத்தில் தோன்றியபோது ஐரோப்பிய உடை இல்லை. இறந்தோருக்குத் துக்கங்காத்துத் தலைமழித்து, ஒப்பந்தக் கூலியின் உடையில் நின்றார். பாலசுந்தரத்தைத் தலைத்துண்டு கட்டச் சொன்னவர், இறுதியில் பாலசுந்தரத்தின் உடையையே உடுத்தினார்.

1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நிலுவையோடு ஒழித்தது. திருமணங்களுக்கும் ஏற்பு அளித்தது. அந்நாட்டுக் கறுப்பின மக்களின் துயரைக் காந்தியடிகள் அன்று தம் வழக்காக எடுத்துக்கொள்ளவில்லை என்று வரலாற்றாசிரியர் கூறுவதும் உண்மையே. மனிதரின் நீதியில் குறை இருக்கத்தான் செய்யும்.

ஆயினும் இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. வணிகரின் வழக்கறிஞரை மக்களின் வழக்கறிஞராக்கியது எந்தச் சட்டநூலும் அன்று. இரத்தம் வழிய வாசலில் நின்ற ஓர் ஏழை. அவனை உள்ளே அழைத்து, முதலில் தலைத்துண்டைக் கட்டச் சொல்லிப் பிறகு வழக்கைக் கேட்டதே அவ்வக்கீல் செய்த முதல் வாதம். இனித் தியத் பாடத்தில் பல்லின் கணக்கு வரும்போது, மாணவர்கள் புன்முறுவல் பூக்குமுன் பாலசுந்தரத்தின் பெயரைச் சொல்ல எண்ணியுள்ளோம்.