அந்த ஏழரை எந்த ஏழரை?

படுவான்கரைத் தாய் ஒருவரின் சத்தியக்கடதாசியைத் தட்டச்சு செய்துகொடுத்தேன். 2000ஆம் ஆண்டு, மகனைக் கொண்டுபோனது காலை ஏழரைக்கு என்றார். அவர் பத்திரமாக வைத்திருந்த முறைப்பாட்டுப் பிரதியில் எட்டு மணி. முன்பு ஒரு விசாரணையில் இதைக் காட்டியே அவரை மடக்கினார்களாம். ஆனால் இரண்டும் ஒரே கணம்தான்.

மின்சார நெருக்கடி காரணமாக அரசு 1996 மே 25இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவேயில்லை. அதனால் வாவிக்கு இந்தப் பக்கம் புதிய நேரம், அந்தப் பக்கம் பழைய நேரம். மண்முனைத்துறையில் பாதையேறி நகருக்கு வரும் நாட்களில் அம்மா கைமணிக்கூட்டைத் திருப்புவது எனக்கு ஞாபகம். சிலர் திருப்பாமல் மனக்கணக்கிலேயே சமாளிப்பார்கள்.

கணினிக்கு அந்த மனக்கணக்குத் தெரியாது. இணையம் பரவுமுன் கணினியின் நேரத்தைத் தொலைபேசி வழியே சரிசெய்யும் சேவைகள் இருந்தன. அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. அதை 1988இல் தொடங்கியது. மோடத்தால் அழைத்தால் விநாடிக்கு ஒரு வரி வரும். வரியின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறி வந்துசேரும் கணமே சரியான நேரம். கணினி குறியைத் திருப்பி அனுப்பினால், கம்பியில் போய்வரும் தாமதத்தையும் அளந்து ஈடுசெய்வார்கள். அவ்வளவு துல்லியம்! ஆனால் வருவது உலகப் பொது நேரம் மட்டுமே. இன்றைய இணைய நேரச் சேவைகளும் அப்படித்தான். அதோடு எவ்வளவு கூட்டுவது என்பதைக் கணினியில் நாம் தெரிவுசெய்யும் நேர வலயம் சொல்லும்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதன் பட்டியலில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' +6:00. லினக்ஸ் போன்றவற்றிலுள்ள 'ஏசியா/கொழும்பு' வலயம் மேற்சொன்ன மூன்று மாற்றங்களையும் தெரிந்து வைத்திருக்கிறது, ஆனால் அரச நேரத்தை மட்டும். படுவான்கரைக்கென்று எந்தப் பட்டியலிலும் ஒரு வரி இல்லை. அன்றைய பழைய நேரத்தைக் கணக்கிட வேண்டுமென்றால் இந்திய வலயமான +5:30ஐத் தெரிவுசெய்யலாம்.

போர்க்கால ஆவணங்களை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது இது: பிளொப்பியிலும் அக்கால டிஜிட்டல் கமராக்களின் படங்களிலும் நேர வலயம் பதிவாகவில்லை. அன்று கருவி காட்டிய மணி மட்டுமே இருக்கும். அது வாவியின் எந்தக் கரையின் நேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது என்பதை, எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். மூலக் கோப்பில் கைவைக்க வேண்டாம். குறிப்பைத் தனியாக எழுதுங்கள். 1996 மே 25 முதல் ஒக்டோபர் 26 வரையான சம்பவம் என்றால் வித்தியாசம் அரை மணியல்ல, முழு ஒரு மணித்தியாலம்.

அந்தத் தாயின் ஏழரையை நான் மாற்றவில்லை. பக்கத்தில் 'பழைய நேரம். அரச நேரப்படி காலை 8.00' என்று சேர்த்து வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.