கூலியில் சேராத தார்

திருப்பூரின் கூலிப் போராட்ட வரலாறு என்றதும் 1984தான் நினைவுக்கு வரும். பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. அவர்கள் நிறுத்த ஒரு வேலையும், கோரிக்கை வைக்க ஒரு முதலாளியும், கூடி நிற்க ஒரு கம்பெனி வாசலும் இருந்தன. அதே வட்டாரத்தில், காங்கேயம் தாண்டிக் கரூர் சாலையில் இருக்கும் வெள்ளகோவில் பக்கத்து விசைத்தறி வீடுகளில் இந்த மூன்றும் இல்லாமல் உழைத்த பெண்கள் உண்டு.

கூலித்தறியில் நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது, தறி வீட்டுக்காரருடையது. நெய்து கொடுத்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. நாடாத் தறி ஓட வேண்டுமானால் ஊடை நூலைத் தாரில் சுற்றித் தந்துகொண்டே இருக்க வேண்டும். பல வீடுகளில் அது மனைவியின் வேலை, மகளின் வேலை, மாமியாரின் வேலையும்கூட. சோறு வடிக்கும் நேரத்துக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரத்துக்கும் இடையில் நடப்பதால் அதற்கு 'ஒத்தாசை' என்று பெயர். கூலிக்கு ஆள் வைத்தால் மட்டும் அது 'தார் போடுகிற வேலை' ஆகிவிடுகிறது!

2021 நவம்பரில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலி விசைத்தறிகளுக்குச் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் உயர்வு பேசி முடிக்கப்பட்டது. அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. நியாயமான போராட்டம்தான். மின் கட்டணம், உதிரிபாகம், ஆள்கூலி எல்லாம் ஏறிவிட்டன என்றார்கள். சம்பளமில்லாமல் தார் சுற்றுகிறவளின் உழைப்பு ஏறுகிற செலவு அல்ல. அது ஒருபோதும் செலவாகவே இருந்ததில்லை. உலகச் சந்தையில் நம் துணி மலிவாக நிற்பதில் அவளுக்கும் பங்குண்டு. விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை அரசு 2006இல் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று தொடங்கி, 2016இல் 750 ஆக்கி, 2023இல் 1000 ஆக்கியது. மின்சாரத்தை அளக்க மீட்டர் இருக்கிறது.

சர்வதேசச் சட்டத்திலும் இவளுக்கு இடமில்லை. வீட்டிலிருந்து உழைப்போருக்காக 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அகமதாபாத்தின் சேவா அமைப்புப் பெண்கள் அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடினார்கள். இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. ஏற்றாலும், ஊதியம் பெறுகிறவர்தான் அதன்படி வீட்டுத் தொழிலாளி. கணவனின் தறிக்குச் சும்மா தார் சுற்றுகிறவள் அந்த வரையறைக்கும் வெளியேதான் நிற்கிறாள்.

நாடா இல்லாத புதிய தறிகளுக்குத் தார் வேண்டாம். தார் வேலை குறைந்த வீடுகளிலிருந்து கம்பெனி வேனில் ஏறிப் பனியன் வேலைக்குப் போகும் பெண்கள் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் 'ஹெல்பர்' என்று சேர்க்கப்படுகிறார்கள். தையல் தொழிலுக்கு 2014இல் தமிழக அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தை எதிர்த்து நூற்றுக்கணக்கான உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஊதியம் செல்லும் என்றது. சட்டத்தைக் காட்டிக் கேட்க இந்தப் பெண்களுக்கு ஒரு தொகையாவது இருக்கிறது. அவர்களுடைய அம்மாக்களுக்கு அதுவும் இருந்ததில்லை.