ஒரு கை இழுப்பு

பிரிட்டனில் நடந்த இலக்குச் சுடும் போட்டியின் காணொளி ஒன்றில் அந்த ரைஃபிளைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். அச்சு அசல் ஏஆர்-15. 'அங்கதான் இதுக்குத் தடையாச்சே?'

1987 ஆகஸ்ட் 19 அன்று ஹங்கர்ஃபோர்டு என்ற சிறிய ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே வந்த சட்டம், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களைத் தடை செய்தது; .22 ரிம்ஃபயர் மட்டும் தப்பியது. துப்பாக்கி செய்பவர்கள் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த வாயு அமைப்பை மட்டும் எடுத்தார்கள். வாயு பார்த்த வேலையை இனி கை பார்க்கணும். ஒவ்வொரு குண்டுக்கும் பிடியை இழுத்து விடணும்.

பின்னால், காலித் தோட்டாவை வெளியே தள்ளும் வேலையை மறுபடியும் வாயுவிடமே கொடுத்த ரைஃபிள்கள் வந்தன. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றையும் தடுத்தது. அப்போதும் உருவத்தில் யாரும் கை வைக்கலை.

நம்மைப் பயமுறுத்துவது தோற்றம். சட்டம் கணக்குப் பார்த்தது இரண்டு குண்டுகளுக்கு நடுவே உள்ள நொடியை. ஓடித் தப்புகிறவருக்கு அந்த நொடிதான் உயிர்.