வழி தவறாத குருவி

பொம்மிடியில் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். ஐப்பசி மாதம், ராத்திரி முழுக்க மழை. விடியக்காலையில் மாட்டுக்கொட்டாய் மூலையில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, வால் என்றே சொல்ல முடியாத கட்டை வால். கிட்டப் போனாலும் பறக்கவில்லை. கையில் எடுத்தேன். ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்டா, காத்துல அடிச்சிக்கினு வந்திருக்குது. வழி தெரியாம முழிக்குது பாரு, விட்டுடு" என்றது. நான் விடவில்லை. கோழி கவுக்கிற கூடையைப் போட்டு மூடி, அரிசியும் கம்பும் வைத்தேன். அது ஒன்றையும் தொடவில்லை. மறுநாள் சாயங்காலம் செத்துக் கிடந்தது.

அதன் பேர் ஆறுமணிக்குருவி என்பதும், அது புழு பூச்சி தின்கிற ஜாதி என்பதும் எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கத்துவதால் அந்தப் பேர்.

இதைப் பற்றித் தேட ஆரம்பித்தபோது ஆயாவின் வாக்கியம் எதிர்பாராத ஓர் இடத்தில் அகப்பட்டது. தாமஸ் ஜெர்டன் மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை அவர் வெளியிட்ட நூலில் இந்தக் குருவி வருகிறது. அவர் முதன்முதலில் பார்த்தது மதராஸ் பொது மருத்துவமனைக்குள் தஞ்சம் புகுந்த ஒன்றை. பிறகு நெல்லூரிலும் இதே மாதிரி வந்தவற்றை உயிரோடு பிடித்திருக்கிறார். கோடையின் தொடக்கத்தில் மேல்காற்று பலமாக அடிக்கும்போது கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அடித்துக்கொண்டு வரப்பட்டவை என்பது அவர் ஊகம். எங்க ஊருக்குப் பின்னால் நிற்கிற சேர்வராயன் மலை அந்தத் தொடரைச் சேர்ந்ததுதான். பள்ளிக்கூடம் போகாத ஆயாவும் படித்த டாக்டரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்!

ரெண்டு பேரும் பார்த்தது சரி. காரணம்தான் தப்பு. அந்தக் குருவி காற்றில் அடித்து வரப்பட்டதில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி ஐப்பசியில் தெற்கே இறங்குகிறது. தமிழ்நாடு, கேரளம் தாண்டி இலங்கை வரைக்கும் போகிறது. சித்திரை வாக்கில் திரும்புகிறது. ஐம்பது அறுபது கிராம் எடைதான் இருக்கும். பயணம் எல்லாம் ராத்திரியில். விடியும்போது எங்கே களைத்துப்போகிறதோ அங்கே இறங்கிவிடும். அது ஆஸ்பத்திரியாக இருக்கலாம், மாட்டுக்கொட்டாயாகவும் இருக்கலாம். ஜெர்டன் சொன்ன பருவத்தைப் பார்த்தால் அவர் கண்டது திரும்பிப் போகும் குருவிகளை. நான் கண்டது இறங்கி வந்ததை.

பறவை இடம்பெயர்வதை உலகம் ஒப்புக்கொண்டதே பெரிய கதை. இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் தன் கிராமத்துத் தைலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று ஆயுசுக்கும் குழம்பினார். அவர் தம்பி ஜான் ஒயிட் ஜிப்ரால்டரில் பாதிரியார். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் அந்த ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான். அங்கே கூட்டங்கூட்டமாகத் தைலான்கள் இலையுதிர்காலத்தில் தெற்கேயும் வசந்தத்தில் வடக்கேயும் கடப்பதைத் தம்பி கண்ணால் பார்த்து எழுதினார். அண்ணன் அதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் சில தைலான்கள் பொந்துகளில் மறைந்து தூங்கிக் கிடக்குமோ என்ற சந்தேகத்தை, 1789இல் புத்தகம் அச்சாகும் வரைக்கும் அவரால் விட முடியவில்லை.

நம் பக்கத்தில் சத்திமுத்தப் புலவர் இந்த விஷயத்தில் குழம்பவே இல்லை. தெற்கே குமரிக்குப் போய் வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம் வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பினார். வழி தெரிந்த பறவையிடம்தானே தூது சொல்ல முடியும்?

ஜிப்ரால்டரைப் போல இரண்டு கண்டங்களுக்கு நடுவில் இல்லாவிட்டாலும், நமக்கும் ஒரு குறுகிய கடல் உண்டு. அதைப் பார்க்கத்தான் சில வருஷம் முன்னால் கோடியக்கரை போனேன். பூங்குழலி படகு விட்ட ஊர் என்றால் பொன்னியின் செல்வன் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும். வடக்கேயிருந்து நேராக வரும் சோழமண்டலக் கரை அங்கே மேற்கே மடங்கிவிடுகிறது. கரையை ஒட்டியே வருகிற பறவைக்கு நிலம் அந்த முனையோடு முடிந்துபோகும். எதிரே பாக் ஜலசந்தி. ஐம்பது அறுபது கிலோமீட்டர் தாண்டினால் யாழ்ப்பாணக் கரை. சைபீரியாவில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான் அங்கே சேற்றில் மேய்கிறது. டீக்கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "ஐப்பசில ராத்திரி லைட்டப் போட்டா அந்தப் பச்சக்குருவி வீட்டுக்குள்ளயே வந்து விழும் சார். காலைல போயிரும்." காலைல போயிரும் என்ற அந்தச் சொல் என்னைக் குத்தியது.

கோடியக்கரையில் நடந்த ஆய்வின் கதையிலும் ஒரு பயம் இருக்கிறது. பறவை எங்கே போகிறது என்று அறிய அதன் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டுவதை 1899இல் டென்மார்க்கின் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் ஒழுங்கான முறையாகத் தொடங்கினார். நம் நாட்டில் அதைப் பெரிய அளவில் நடத்தியது சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அதற்குப் பணம் வந்த காரணம் பறவை நேசம் இல்லை, நோய். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. கிருமி ரஷ்யாவின் ஒரு மூளைக்காய்ச்சல் கிருமிக்கு உறவு. அப்படியானால் சைபீரியப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ? இந்தக் கேள்விக்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் உதவியது. பரம்பரையாகப் பறவை பிடிக்கும் பீகாரின் மீர்ஷிகார்கள் வலை வீசிப் பிடித்துக் கொடுத்தார்கள். பறவைகள்தான் அந்த நோயைக் கொண்டுவந்தன என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை.

பின்னால் அமெரிக்க ராணுவம் நடத்திய ஆய்வுத் திட்டத்தின் பணமும் உள்ளே வந்தது. 1970களின் நடுவில் இது நாடாளுமன்றத்தில் வெடித்தது. வெளிநாட்டு உதவியோடு நடந்த ஆராய்ச்சிகளை விசாரித்த பொதுக் கணக்குக் குழு, ஒரு கொசு ஆராய்ச்சியோடு பறவை வளையத் திட்டத்தையும் சேர்த்துக் கேள்வி கேட்டது. பறவை மூலமாகக் கிருமியைப் பரப்ப முடியுமா என்று யாராவது கணக்குப் போடுகிறார்களா என்பதே சந்தேகம். வியட்நாம் போர் நடந்த காலம் அது. கேட்டதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ராணுவம் ஏன் குருவிக்குக் காசு கொடுக்கிறது என்று ஒரு நாடு கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வளையங்கள் சொன்ன சேதி யார் காசு கொடுத்தாலும் மாறாதது. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத் மண்ணில் கிடைத்தன. போகிற இடத்துக்கும் வருகிற இடத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட முடிந்தது.

கோடியக்கரை 1967இல் சரணாலயம் ஆனது, முக்கியமாக வெளிமான்களுக்காக. 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வளையமிடும் வேலை இடையிடையே நின்று நின்று தொடர்ந்தது.

என் கூடைக்குள் கிடந்த குருவியின் காலில் வளையம் இல்லை. இருந்திருந்தால் ஏழாவது படிக்கிற பையன் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பான், இதுக்கு எங்கேயோ போக வேண்டியிருக்கு என்று புரிந்திருக்கும். ஒரு ராத்திரி ஓய்வுதான் அதுக்குத் தேவைப்பட்டது. மலை ஓரமாக இறங்கி, கோடியக்கரையோ வேறெந்தக் கரையோ, கடலையும் தாண்டியிருக்கலாம். ஆயா காரணத்தைத் தப்பாகச் சொன்னது, செய்ய வேண்டியதைச் சரியாகச் சொன்னது. ஜெர்டனை எல்லாம் படித்த பிறகுதான் எனக்கு அது உறைக்கிறது.

இப்போதெல்லாம் புரட்டாசி பிறந்ததும் நோட்டில் தேதி போட்டு வைக்கிறேன். போன வருஷம் ஐப்பசி முதல் வாரம், சாயங்காலம் ஆறுக்குக் கொஞ்சம் முன்னால், கொல்லையில் புளியமரத்துப் பக்கம் இரண்டு சீட்டிச் சத்தம் கேட்டது. பையன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான். பிடித்து உட்கார வைத்தேன். மறுநாள் சத்தம் இல்லை. நோட்டில் "போயிருச்சு" என்று எழுதினான்.