பட்டா யார் பெயரில்?

இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் ஒன்று 1904இல் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தோன்றியது. ஜெர்மனியின் ரைஃபைசன் முறையைப் பரிந்துரைத்த பிரெடெரிக் நிக்கல்சனின் அறிக்கை அதற்கு முன்னோடி. உழவரை வட்டிக்காரரிடமிருந்து மீட்பதே நோக்கம்.

உழவர் என்று எண்ணப்பட்டவர் யார்? இன்று தவணை தவறாமல் கட்டுவோருக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடன் வட்டியில்லாமல் கிடைக்கிறது. அதற்கு நில ஆவணம் வேண்டும். பட்டாவோ பெரும்பாலும் ஆண் பெயரில். நாற்று நடுகிறவளுக்கும், கும்மிடிப்பூண்டி ஆலையில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவளுக்கும் வாரத்தவணைக் கடன்தான் வாசல்தேடி வருகிறது.

1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதையே பிணையாக்கியது. அங்கே வட்டி உண்டு, பட்டா கேட்கவில்லை. அந்தப் பிணையை ஏற்று, நிலமற்ற பெண்ணுக்கும் வட்டியில்லாக் கடன் தருவதே கூட்டுறவு இன்னும் செய்யவேண்டியது.