சுக்ரேயின் நிழல்

மைய வங்கிகள் வெளியிடும் மின்பணம் பற்றிப் பேசுவோர் சீனத்தின் மின் யுவானையோ, 2020 அக்டோபரில் பஹாமாஸ் வெளியிட்ட சேண்ட் டாலரையோதான் முதலில் குறிப்பிடுவர். அவற்றுக்குச் சில ஆண்டுகள் முன்பே அவ்வழியில் நடந்து இடறி விழுந்த தேசம் ஒன்றுண்டு: தென் அமெரிக்காவின் ஈக்வடார்.

ஈக்வடாரின் நாணயம் 1884 முதல் சுக்ரே. விடுதலைப் போர்த் தளபதி அந்தோனியோ ஹோசே தெ சுக்ரேயின் பெயர் அது. 1999 மார்ச்சில் வங்கிகள் சரிந்துகொண்டிருந்தபோது, அரசு மக்களின் வைப்புத்தொகைகளை முடக்கியது. 2000 ஜனவரி 9 அன்று, டாலருக்கு 25,000 சுக்ரே என்ற கணக்கில் நாடு அமெரிக்க டாலருக்கு மாறும் என அதிபர் ஹமீல் மஹுவாத் அறிவித்தார். இரு வாரங்களுக்குள் அவர் பதவி பறிபோயிற்று, டாலர் நிலைத்துவிட்டது. சுக்ரேயில் சேர்த்துவைத்தவர்களின் உழைப்பு பெரும்பாலும் கரைந்துபோனது.

சொந்த நாணயத்தை இழந்த அந்நாட்டின் மைய வங்கிதான் 2014 இறுதியில் மின்பணத் திட்டத்தைத் தொடங்கியது. கணக்கு டாலரிலேயே இருந்தது. எளிய கைப்பேசி போதும், இணையம் தேவையில்லை. வங்கிக் கணக்கில்லாத ஏழைகளுக்கு உதவும் என்பது அதிபர் ரஃபேல் கொரேயா அரசின் வாதம். மின்பணத்தில் பொருள் வாங்குவோருக்கு வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் 2016-இல் சட்டம் இயற்றப்பட்டது. சுமார் 4 லட்சம் கணக்குகள் திறக்கப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஒருமுறைகூடப் பயன்படவில்லை. 2017 டிசம்பரில் வந்த சட்டம் இப்பணியைத் தனியார் வங்கிகளிடம் ஒப்படைத்தது. 2018-இல் மைய வங்கியின் திட்டம் மூடப்பட்டது.

தொழில்நுட்பக் குறை இதற்கு முதற்காரணமன்று. சட்டைப்பையில் இருக்கும் டாலர் தாளுக்குப் பிணை வாஷிங்டன்; கைப்பேசியில் தெரியும் டாலருக்குப் பிணை கீட்டோ. வைப்புத்தொகையை முடக்கியதும், 2008 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களுக்கான தவணையைத் தர மறுத்ததும் கீட்டோவின் அரசுகளே. பின்வாசல் வழியாகச் சுக்ரே திரும்பி வருகிறதோ என்று பலர் ஐயுற்றதில் வியப்பென்ன?

நைஜீரியா 2021-இல் இ-நைராவைக் கொணர்ந்தது. அங்கும் மக்கள் அதைப் பெரிதாக ஏற்கவில்லை. இந்தியா 2022 டிசம்பரில் மின்ரூபாயைச் சில்லறைப் புழக்கத்துக்குச் சோதனையாக விட்டது. ஒவ்வோர் அரசும் புதிய பணத்தை வடிவமைக்கும்போது வேகத்தையும் பாதுகாப்பையும் கணக்கிடுகிறது. தன் கையால் முன்பு காணாமற்போன பணத்தை மக்கள் எத்தனை காலம் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதையும் அது கணக்கிட்டாக வேண்டும்.