நெட்டியும் ஈயமும்

பழனி மலைத் தொடரில், கோடைக்கானலை அடுத்து, வில்பட்டி என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. படிப்படியாக வெட்டிய வயல்கள், மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, சரிவுகளை மூடிக்கொள்ளும் மூடுபனி. பெயரைக் கேட்டதும் வில்லும் அம்பும் ஏந்திய வேடன் ஒருவன் நம் மனக்கண்முன் வந்து நின்றுவிடுகிறான். ஆனால் தென்னாட்டு வேட்டைக்காரர்களிடம் வில்லைத் தவிர இன்னோர் ஆயுதமும் இருந்தது. ஆயுதம் என்று சொன்னால் சிரிப்பு வரும். நீண்ட குழல் ஒன்று. அதனுள்ளே ஒரு சிறிய அம்பு. பின்னால் ஒரு மனிதனுடைய மூச்சு. அவ்வளவுதான்!

சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் இந்த ஊதுகுழலைப் பற்றி 1924-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இன்னொரு வெள்ளைக்காரரின் கண் அதன்மீது விழுந்துவிட்டது. உலகத்துப் போர்க்களங்களையே மாற்றிய பார்வை அது.

அந்தக் காலத்துத் துப்பாக்கியின் சங்கடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கும்பினிச் சிப்பாய்கள் சுமந்த 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குலம் அகலம். குண்டோ அதைவிடச் சிறியது. இடையில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. வாய்ப்புறமாகக் குண்டைப் போட்டுக் கெட்டிக்க வேண்டுமே, தளர்வாக இருந்தால்தானே சீக்கிரம் உள்ளே போகும்? ஆனால் வெடித்தவுடன் மருந்தின் புகையில் ஒரு பங்கு குண்டைத் தாண்டி ஓடிவிடும். குண்டு குழலின் சுவர்களில் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டு போகும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ, அதற்கு எதிர்ப்பக்கமாகப் பறக்கும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவன்மேல் பட்டால் அது அவனுடைய விதி. 1801-ல் பழனி மலை அடிவாரத்து விருப்பாட்சியின் கோபால் நாயக்கரைப் பிடித்துத் தூக்கிலிட்ட கும்பினிப் படையின் கையில் இருந்தவையும் இத்தகைய துப்பாக்கிகளே.

குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டிக் குண்டைச் சுழலவிடும் 'ரைஃபிள்' அப்போதே உண்டு, குறியும் தவறாது. ஆனால் குண்டு பள்ளங்களைக் கவ்விப் பிடிக்க வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். அதை உள்ளே தள்ளுவதற்குள் எதிரி வந்து தோளில் கை வைத்துவிடுவான். உள்ளே போகும்போது தளர்ச்சி, வெளியே வரும்போது இறுக்கம் - இரண்டும் ஒரே குண்டில் வேண்டும். எப்படி?

34-வது ரெஜிமெண்டைச் சேர்ந்த காப்டன் நார்ட்டன் தென்னிந்தியாவில் இருந்தபோது, இந்நாட்டவரின் ஊதுகுழல் அம்பை எடுத்துப் பார்த்தாராம். அதன் அடிப்பாகம் நெட்டி போன்ற மெத்தென்ற தக்கையால் ஆகியிருந்தது. தாமரைத் தக்கை என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊதியதும் அந்தத் தக்கை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சில் ஒரு துளிகூட வீணாவதில்லை. நார்ட்டனுக்கு யுக்தி பிறந்தது. 1823-ல் அவர் அடியில் குடைவான ஒரு நீளக் குண்டைச் செய்தார். வெடித்ததும் குடைவு விரிந்து ஈயம் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். 'குண்டு என்றால் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும்' என்று மேலதிகாரிகள் அதைத் தள்ளிவிட்டார்கள்.

பிறகு கிரீனர் என்ற துப்பாக்கி வியாபாரி அதே தத்துவத்தில் முயன்றார். அவருடைய குண்டையும் ஏற்கவில்லை. 1849-ல் மினியே என்ற பிரெஞ்சுக்காரர் அதையே செய்தபோது, பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு இருபதாயிரம் பவுன் கொடுத்தது! கிரீனர் ஓயாமல் முறையிட்டு 1857-ல் ஆயிரம் பவுன் பெற்றார். தக்கையைச் செதுக்கிய தமிழ்நாட்டு வேடனுக்கோ மலையாளத்து வேடனுக்கோ என்ன கிடைத்தது? 'சுதேசிகள்' என்று ஒரு சொல், அதோடு சரி.

அதே 1857-ல், அந்த விரியும் குண்டு என்ஃபீல்டு ரைஃபிளில் ஏறி இந்தியாவுக்கே திரும்பி வந்தது. சுருள் பள்ளமுள்ள குழலில் தோட்டா வழுக்கிக்கொண்டு இறங்க மசகு தடவ வேண்டும். அந்த மசகு பசுக்கொழுப்பா, பன்றிக்கொழுப்பா என்ற கேள்வியில் பற்றிய தீ, கும்பினி ஆட்சியையே எரித்து முடித்தது.

இன்று அந்தத் தத்துவம் சாதுவாகிவிட்டது. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் சுடும் ஈயக் குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் குடைந்து விரிந்திருக்கும். தலை குழலின் மேடுகளில் சவாரி செய்கிறது. பாவாடை காற்றின் அழுத்தத்தில் விரிந்து வழியை அடைக்கிறது. ஊதுகுழல் அம்பேதான், நெட்டிக்குப் பதில் ஈயம், மூச்சுக்குப் பதில் அடைத்த காற்று.

குண்டின் தலை 4.49 மில்லிமீட்டரா, 4.50-ஆ என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசம் பார்த்து வாங்குகிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாதிரித் துப்பாக்கி என்றாலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பிடித்தம் உண்டு. தளர்ந்தால் காற்று கசியும். இறுகினால் வேகம் தடுமாறும். ஆகையால் துப்பாக்கியைப் பிடிசட்டத்தில் இறுக்கி, ரகத்துக்குச் சில குண்டுகளாகச் சுட்டு, எது ஒரே துளையில் நெருங்கி விழுகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையை வைத்தோ பெயரை வைத்தோ சொல்லிவிட முடியாது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்னும்போது இந்தக் கவலை வீண் கவலை ஆகுமா? 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரீசிலும் ஒலிம்பிக் களம் கண்டதும் இதில்தான்.

கண்ணும் கையும் கூர்மையாக இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். குழலுக்கும் அம்புக்கும் இடையே காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும் என்பதை, அளவுகோலும் ஆய்வுக்கூடமும் இல்லாத ஒரு வேடன் தன் உதட்டாலேயே உணர்ந்திருந்தான். ஒலிம்பிக் மேடையில் ஏறும் பதக்கத்தில் அவனுக்கும் ஒரு குந்துமணித் தங்கம் பாக்கி இருக்கிறது.